மணல்மேட்டில் படுத்திருப்பவள்

அக்கா, நில்லுங்கள். செருப்பைக் கழற்றிவிட்டால் மேலே ஏறிவிடலாம் என்று யார் சொன்னது? இங்கே காலையே கழற்றி வைத்துவிட்டுத்தான் ஏற வேண்டும். முடியுமா? முடியாதில்லையா? அப்படியென்றால் இந்த ஓலைத் தட்டிக்கு இந்தப் பக்கமே நில்லுங்கள். தேங்காய்ப் பையை அந்தக் கல்மேல் வையுங்கள். நாய் எடுக்காது. வந்தால் நான் பெரிய நாய் மாதிரி உறுமுவேன், குழம்பிப்போய் ஓடிவிடும்.

எந்த ஊர்? விருத்தாசலமா? இந்தக் காற்றில் அவ்வளவு தூரம் பஸ் ஏறி வந்தீர்களா? டீக்கடை டி.வி.யில் காலையிலிருந்து புயல் சின்னம் என்று சிவப்பாக எதையோ சுற்றிச் சுற்றிக் காட்டுகிறார்கள். அதோ பாருங்கள், போட்டையெல்லாம் டிராக்டரில் கட்டி ரோட்டுக்கு இழுக்கிறார்கள். ஊரே அங்கேதான் இருக்கிறது. இங்கே நான் மட்டும். நானும்… ஒரு நிமிஷம். ஏய் கறுப்பி, இறங்குடி கீழே.

ஆட்டைச் சொன்னேன் அக்கா. உங்களை இல்லை.

அம்மனைப் பார்க்க வேண்டுமா? பார்த்துக்கொண்டுதான் இருக்கிறீர்கள். இந்த மேடுதான். முகமெல்லாம் கிடையாது. படுத்திருக்கிறாள். எப்போது படுத்தாள், ஏன் படுத்தாள் என்று இந்த ஊரில் ஆளுக்கு ஒரு கதை சொல்வார்கள். கேட்காதீர்கள். சரியான கதை என்னிடம்தான் இருக்கிறது. ஏனென்றால் அவளைப் படுக்க வைத்ததே நான்.

சிரிக்கலாம் அக்கா. சிரியுங்கள். ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள்?

என் பேர் அபிநயா. ப்ளஸ் டூ. எனக்கு ஒரே ஒரு வேலைதான் ஒழுங்காக வரும். யார் பேசினாலும் ஒரு தடவை கேட்டால் போதும், அப்படியே வந்துவிடும். கண்டக்டர் குரலில் 'ஹோல்டான்' சொல்லி நடு ரோட்டில் பஸ்ஸை நிறுத்தியிருக்கிறேன். எங்கள் அம்மா குரலில் பக்கத்து வீட்டுச் சுவருக்கு மேலாக, "வாங்கிட்டுப் போன கருவாட்ட குடுத்துர்றியா?" என்றேன். பக்கத்து வீட்டுக்காரி கொண்டுவந்து கொடுத்துவிட்டாள். எங்களிடம் கருவாடே வாங்கவில்லை அவள். அப்படி வரும் எனக்கு.

எங்கள் வீடு அதோ, நீலச் சுவர். கடலைப் பார்த்த பக்கம் விரிசல் தெரிகிறதா? நான் பிறந்தபோது அது நாலாவது வரிசை. வீடு ஓர் அடிகூட நகரவில்லை அக்கா, ஆனால் இப்போது முதல் வரிசை. தெற்கே துறைமுகத்துக்காகக் கல்லைக் கொட்டிக் கடலுக்குள் ஒரு கை நீட்டினார்கள். மணல் எங்கள் பக்கத்தில் தெற்கிலிருந்து வடக்கே நடந்துகொண்டே இருக்குமாம். அந்தக் கையில் முட்டி அங்கேயே நின்றுவிட்டது. கடலுக்கு மணல் வேண்டுமே? எங்களிடம் எடுத்துக்கொண்டது. முதலில் ஏலம் விடுகிற கொட்டகை. பிறகு தென்னை மரங்கள். பிறகு ஒரு மழைக்கு ஒரு வரிசை வீடு என்று எங்கள் வாசல்வரை வந்துவிட்டது.

அப்புறம்தான் இந்த வேலை வந்தது. துறைமுக வாயில் தேங்கிய மணலைக் குழாய் வழியாகக் கொண்டுவந்து இங்கே கொட்டினார்கள். கறுப்புக் கஞ்சி மாதிரி பீய்ச்சி அடிக்கும். நாற்றம். ஆனால் வெயில் பட்டதும் வெளுத்து, கரை அகலமாகிக்கொண்டே போனது. நான் வாழ்க்கையில் முதல் தடவையாக எங்கள் ஊரில் கடலை நோக்கி ஓடினேன். அதுவரை அது எங்களை நோக்கி ஓடி வந்ததுதானே பழக்கம்?

அதற்கு ஓர் என்ஜினீயர் சார். ஈரோட்டுப் பக்கம். கேளுங்கள், இது அவர்: "கொட்டுன மண்ணு சும்மா நிக்காதுங்க. ஒரு பொயலுக்குத் தாங்காதுங்க. மேடு கட்டோணும், மேட்டு மேல செடி புடிக்கோணும். வேரு மண்ண இறுக்கிப் புடிச்சுக்கும்ங்க, அப்பறம் அலை வந்தாலும் மேடு வாங்கிக்கும், ஊட்டுக்கு வராதுங்க." நன்றாக இருக்கிறதா? மூக்கைக் கொஞ்சம் சுருக்கினால் இன்னும் நன்றாக வரும்.

காற்றில் பறக்கிற மணலைப் பிடிக்கப் பனை ஓலைத் தட்டியை வரிசையாக நட்டார். அதற்குப் பின்னால் மேடு தானாகவே ஏறியது. அதில் அடப்பங்கொடி, இதோ ஊதாப் பூ விட்டிருக்கிறதே, அது. முன் பக்கம் ராவணன் மீசைப் புல். கிட்டே போகாதீர்கள், குத்தும். அதன் விதைப் பந்து காற்றில் உருண்டு ஓடும், நாங்கள் பின்னாலேயே ஓடுவோம். கொடி கணுவுக்குக் கணு வேர் விட வேண்டும். ஒரு மிதி மிதித்தால் அந்தக் கணு போச்சு. மழைக்காலம் முடிகிறவரை யாரும் மேட்டில் ஏறக் கூடாது. அவ்வளவுதான் அவர் கேட்டது.

அம்மாவும் அதையேதான் சொன்னாள். "இந்த மேடு நின்னா நம்ம வூடு நிக்கும். போச்சுன்னா, ஐப்பசி மழையில நம்ம அடுப்ப கடல்தான் வந்து பத்த வைக்கும்."

யார் கேட்டார்கள்? இத்தனை வருஷம் கழித்து மணல் வந்திருக்கிறது. ஊருக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது. போட்டை மேட்டில் ஏற்றினார்கள். வலையைத் தட்டியில் காயப்போட்டார்கள். பையன்கள் கிரிக்கெட் ஸ்டம்புக்கு ராவணன் மீசையைப் பிடுங்கிவிட்டு இடம் பண்ணினார்கள். என்ஜினீயர் சார் கையில் ஒரு மெகாபோனை வைத்துக்கொண்டு, "ஏனுங்க, கொஞ்சம் எறங்கிக்குங்க சாமி, கொடி மிதிபடுதுங்க" என்று கெஞ்சிக்கொண்டே கரையெல்லாம் நடப்பார். நான் பின்னாலேயே நடப்பேன். அவர் ஒரு வரி, நான் அதே வரி. ஊர் விழுந்து விழுந்து சிரிக்கும். அதைப் பார்க்கவே இன்னும் நாலு பேர் மேட்டில் ஏறுவார்கள். அவர் ஒரு தடவை திரும்பிப் பார்த்து, "நீ பேசுனா நாலு பேரு நிக்கறாங்க கண்ணு, நான் பேசுனா ஒருத்தரும் நிக்கறதில்ல" என்றார். பாராட்டினார் போலிருக்கிறது.

நாட்டார் தனவேலு மைக்கில் சொல்லிப் பார்த்தார். எங்கள் ஊர்த் தலைவர். கோயில் மைக்கைப் பிடித்தால், "ப்பூ… ப்பூ… ஹலோ… கிராமப் பொதுமக்களுக்கு ஓர் அறிவிப்பு" என்று ஆரம்பித்து, ஓர் இருமல் இருமி, எதற்காக மைக்கைப் பிடித்தோம் என்பதை மறந்துவிடுவார். அன்றைக்கும் மறந்துவிட்டார்.

ஐயோ, அந்தத் தட்டியைப் பாருங்கள், எப்படி ஆடுகிறது. காலையில்தான் இழுத்துக் கட்டினேன். அத்தை வந்து கயிறு கொடுத்துவிட்டுப் போனாள். "அம்மன் குடுத்தனுப்புச்சுன்னு வச்சிக்கோடி" என்றாள். அத்தைக்கு எப்போதும் அம்மன் நினைப்புதான்.

அத்தை என்றால் அஞ்சலாட்சி அத்தை, அப்பாவின் அக்கா. மீன் ஏலம் விடுகிறவள். அவளுக்குத்தான் எங்கள் ஊரில் சாமி வரும். ஆடி மாதம் கூழ் ஊற்றுகிற அன்றைக்கு பம்பை அடித்தால் போதும், தலையை அவிழ்த்துவிட்டு ஓர் ஆட்டம் ஆடுவாள். குறி சொல்வாள். ஊரே வாயைப் பொத்திக்கொண்டு நிற்கும்.

இந்த ஆடியில் அத்தைக்குப் பல்வலி. கன்னம் பணியாரம் மாதிரி வீங்கியிருந்தது. பம்பைக்காரர் அடிக்கிறார், அடிக்கிறார், சாமி வரவில்லை. அத்தை கன்னத்தில் கிராம்பை அதக்கிக்கொண்டு நிற்கிறாள். நாட்டார் கையில் கற்பூரத் தட்டு, சூடு தாங்காமல் இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் மாற்றிக்கொண்டிருக்கிறார். ஊர் சலித்துப்போய் முணுமுணுக்கிறது. எனக்கு நாக்கு அரித்தது அக்கா. அத்தனை பேர், அத்தனை காது, பேச ஆளில்லை. இது எப்பேர்ப்பட்ட வாய்ப்பு என்று யோசித்துப் பாருங்கள். பின்னலை அவிழ்த்தேன். அத்தையின் சாமி எப்படி மூச்சை இழுக்கும், எந்த இடத்தில் பல்லைக் கடிக்கும், எல்லாம் எனக்கு அத்துப்படி.

"டேய்… யாருடா நீங்க… நான் படுத்திருக்கேன்டா… என் மேலயே நடக்கிறீங்களேடா… என் வயித்துல போட்ட இழுக்கிறீங்களேடா…"

பம்பை நின்றுவிட்டது. நாட்டார் தட்டோடு மண்டி போட்டார். "எங்க தாயே படுத்திருக்க?"

நான் கையை நீட்டினேன். இந்த மேட்டைக் காட்டினேன்.

அவ்வளவுதான். ஒரு வரி. அன்றைக்குப் பொழுது சாய்வதற்குள் மேட்டில் ஒரு போட் இல்லை, ஒரு வலை இல்லை, ஸ்டம்பைக் காணோம். ஆட்டைக்கூடக் கட்டிப்போட்டுவிட்டார்கள். மறுநாள் காலையில் என்ஜினீயர் சார் வந்து மேட்டைப் பார்த்தார், ஊரைப் பார்த்தார், மெகாபோனைப் பார்த்தார். "மெகாபோன ரிப்பேர் பண்ணுனேன், அதான் நல்லா கேட்டிருக்குது" என்றார். நான் வீட்டில் தலையணையைக் கடித்துக்கொண்டு சிரித்தேன். சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. அத்தை மட்டும் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். கோபமா, சிரிப்பா, ஒன்றும் விளங்கவில்லை. கன்னம் வீங்கியிருந்தால் எல்லா முகமும் ஒரே மாதிரிதானே இருக்கும்?

இதோடு முடிந்திருக்க வேண்டும். ஊரா சும்மா இருக்கும்?

அடுத்த வெள்ளிக்கிழமை பார்க்கிறேன், மேட்டு உச்சியில் புகை. பொங்கல். அம்மன் படுத்திருக்கிறாள், அவளைப் பட்டினி போடலாமா என்று பெண்களெல்லாம் பானையோடு ஏறியிருக்கிறார்கள். அடுப்புக்கு இடம் வேண்டுமென்று கொடியைப் பாய் மாதிரி சுருட்டி ஓரமாக வைத்திருக்கிறார்கள். பத்திரமாக, மரியாதையாக, வேரோடு. சூலம் நட்டார்கள். மஞ்சள் துணி கட்டினார்கள். கட்டிப்போட்ட ஆடுகள் இப்போது நேர்ந்துவிட்ட ஆடுகளாகத் திரும்பி வந்தன. இந்தக் கறுப்பி அந்தக் கூட்டம்தான். யாரும் விரட்ட மாட்டார்கள். மாலை போட்டிருக்கிறாளே.

பிறகு வெளியூர் ஜனம். உங்களை மாதிரி. வேனில் வருவார்கள், ஏறுவார்கள், இறங்கும்போது ஒரு பிடி மண்ணை முந்தானையில் முடிந்துகொள்வார்கள். அம்மன் மேனி மண்ணாம். நெற்றியில் இட்டால் தலைவலி போகும், நிலைப்படியில் போட்டால் பல்லி வராது. முதலில் ஒரு பிடி. அப்புறம் கேரி பேக். ஒருவர் சிமெண்ட் சாக்கு கொண்டுவந்தார், வீடு கட்டுகிறாராம், அஸ்திவாரத்துக்கு. கடல் வருஷக் கணக்கில் தின்ற அளவு மண்ணை இவர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டே அள்ளிக்கொண்டு போனார்கள் அக்கா. மேட்டின் நடுவில் ஒரு பள்ளம். எங்கள் வீட்டு வாசலுக்கு நேரே. அந்தப் பள்ளம் வழியாக எங்கள் வாசலில் உட்கார்ந்தபடியே அலை உடைவதைப் பார்க்கலாம். அம்மா அங்கே உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். ஒன்றும் சொல்லவில்லை. திட்டியிருந்தால் அவள் குரலில் திருப்பித் திட்டியிருப்பேன். சொல்லாதவளை என்ன செய்வது?

சரி, விளையாட்டு போதும் என்று நேராக நாட்டாரிடம் போனேன். "தாத்தா, அன்னைக்கு சாமியும் இல்ல, பூதமும் இல்ல. நாந்தான் பேசினேன்."

அவர் எழுந்து நின்று கும்பிட்டார். "தாயே, என்ன சோதிக்காத."

"சோதிக்கல தாத்தா. இதோ பாருங்க" என்று அந்தக் குரலைப் பேசிக் காட்டினேன். நெடுஞ்சாண்கிடையாக விழுந்துவிட்டார். அந்த வயதில். எழுப்பி உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்து, இவருக்கு வேறு மாதிரிதான் புரிய வைக்க வேண்டும் என்று அவர் குரலிலேயே, "ப்பூ… ப்பூ… கிராமப் பொதுமக்களுக்கு ஓர் அறிவிப்பு" என்று இருமலோடு சேர்த்துச் சொன்னேன். அவர் கண்ணில் தண்ணீர். "எங்குரல்லயே எனக்கு உத்தரவு குடுக்கிறியே ஆத்தா. பீடம் கட்டிர்றேன். இந்த வெள்ளிக்கிழமையே காங்கிரீட் போட்டுர்றேன்."

போச்சா? என்ஜினீயர் சாரிடம் ஓடினேன். அவர் ஜல்லி வந்து இறங்கியதைப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். "கண்ணு, அலைய நிறுத்தறதுக்கு எனக்குப் படிப்பு சொல்லிக் குடுத்தாங்க. இதுக்கு சொல்லிக் குடுக்கலீங்க." அந்தக் குரலைப் பண்ணிப் பார்த்தேன். நன்றாகத்தான் வந்தது. ஆனால் சிரிப்பு வரவில்லை.

அப்போதுதான் அக்கா நிஜ அம்மன் வந்தாள். ஆமாம், நிஜமாகவே. அந்த வெள்ளிக்கிழமை, கலவை எந்திரம் மேட்டின் அடியில் சுற்றிக்கொண்டிருக்கிறது. பம்பை இல்லை, உடுக்கை இல்லை. அத்தை ஏலக் கூடையைக் கீழே வைத்தாள். தலையை அவிழ்த்தாள். இதே இடத்தில் நின்றாள். ஓர் அடி மேலே வைக்கவில்லை. அவள் போட்ட சத்தத்தில் எந்திரக்காரன் எந்திரத்தையே அணைத்துவிட்டான்.

"படுத்திருக்கிறவ நெஞ்சுல எவன்டா கல்லு வைக்கிறது? செத்தவளுக்கா கல்லு வைக்கிற? எம் மேனிய அள்ளிக்கிட்டுப் போனீங்களேடா, எம் பச்சைப் போர்வைய உருவுனீங்களேடா. கொண்டாங்க. ஒரு புடி எடுத்தவன் ரெண்டு புடி கொண்டா. வேரு புடிக்கிற வரைக்கும் எவன் காலும் படக்கூடாது. எனக்குப் பொங்கலும் வேணாம், கற்பூரமும் வேணாம். தாகமா இருக்கு. கீழ நின்னு கொடிக்குத் தண்ணி ஊத்து."

சொல்லிவிட்டு வந்து என் காதைப் பிடித்தாள். திருகினாள் பாருங்கள், அம்மன் பிடி அக்கா அது, மனுஷப் பிடியே இல்லை. "இந்தப் பொண்ணு எனக்குக் காவல் நிக்கும். ஸ்கூலு விட்டா இங்கதான் நிக்கும். பரிச்சைக்கும் இங்க நின்னே படிக்கும்."

அம்மனுக்கு வேர் பிடிக்கிற சங்கதியெல்லாம் எப்படித் தெரிந்தது என்று எனக்கு இன்றுவரை ஆச்சரியம். முந்தின நாள்கூட அத்தை என்ஜினீயர் சாருக்கு வஞ்சிரக் குழம்பு ஊற்றிவைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பேசிக்கொண்டிருந்தாள். சாமி வரப்போகிற சுவடே அவள் முகத்தில் இல்லை. மீன் விலையைப் பேசியிருப்பார்கள். நான் அந்தப் பக்கம் போனதும் இரண்டு பேரும் வாயை மூடிக்கொண்டார்கள். என்னைப் பார்த்தாலே எல்லாரும் வாயை மூடிக்கொள்கிறார்கள், குரலைத் திருடிவிடுவேன் என்று.

மண் திரும்பி வந்தது. வேன் வேனாக. ஒரு பிடிக்கு இரண்டு பிடி என்று ஜனம் பயந்துபோய் மூட்டையாகவே கொண்டுவந்தார்கள். பண்ருட்டிக்காரர் செம்மண். ஒருவர் எம்-சாண்ட், லாரியில், ரசீதோடு. என்ஜினீயர் சார் இரண்டு பக்கமும் ஓடி, "ஐயோ இது கடல் மண்ணு இல்லீங்க, இந்தப் பக்கம் கொட்டுங்க, ரோட்டுப் பள்ளத்துக்கு ஆகும்ங்க" என்று தரம் பிரித்தார். பள்ளம் மூடியது. உருவின இடத்தில் பள்ளிக்கூடப் பிள்ளைகளெல்லாம் கொடித் துண்டை நட்டோம். வருகிற ஜனம் இங்கே நின்றே குடம் குடமாக ஊற்றியது. இதோ இந்த வரிசை, அந்த ஓரம்வரை, நல்ல பச்சை. நடுவில், எங்கள் வாசலுக்கு நேரே, இருக்கிறதே, அதுதான் கடைசியாக நட்டது. வெளிறித் தெரிகிறது பாருங்கள். இழுத்தால் வந்துவிடும். நான் தினமும் ஒரு கொடியை லேசாக இழுத்துப் பார்ப்பேன். இன்றைக்குக் காலையில் இழுத்தது கொஞ்சம் அடம் பிடித்தது. கொஞ்சம்தான். எனக்கென்ன, நான் விளையாட்டுக்கு இழுத்துப் பார்ப்பது.

அம்மா டிரங்குப் பெட்டியைக் கட்டிவைத்துவிட்டு, பிறகு அவிழ்த்து, மறுபடியும் கட்டிக்கொண்டிருக்கிறாள். புயல் பாதுகாப்பு மையத்துக்குப் போகலாம் என்று வந்து கூப்பிட்டார்கள். "எம் பொண்ணு மேட்டுக்கிட்ட நிக்கிறா. அவ வந்ததும் வர்றேன்" என்றாளாம். நான் போனால் இங்கே யார் நிற்பது? கறுப்பியா?

என் குறை இதில்லை அக்கா. காவல் நிற்பதில் எனக்கு ஒன்றுமில்லை. குறை வேறு. இந்த ஊரில் இப்போது என்னைப் பார்த்து ஒருவர் சிரிப்பதில்லை. கண்டக்டர் மாதிரி பேசினால் பஸ்ஸே எழுந்து நிற்கிறது. பிசிக்ஸ் டீச்சர் மாதிரி பேசினேன், டீச்சரே கன்னத்தில் போட்டுக்கொண்டார். பக்கத்து வீட்டுக்காரியிடம் கருவாடு கேட்டால் கூடையோடு கொண்டுவந்து வைக்கிறாள், சூடம் ஏற்றி. எந்தக் குரலில் பேசினாலும் அம்மன் குரல்தானாம். இத்தனை குரல் தொண்டைக்குள் கிடந்து குதிக்கிறது, எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது சொல்லுங்கள்?

நீங்கள் வெளியூர். என்னைத் தெரியாது. இப்போது முழுக்கதையும் சொல்லிவிட்டேன். படுக்க வைத்தது நான், விளையாட்டுக்கு என்று சொல்லிவிட்டேன். ஓர் உதவி செய்யுங்கள். ஒரே ஒரு குரல் பண்ணுகிறேன். சிரியுங்கள். அவ்வளவுதான்.

"ஏனுங்க, கொஞ்சம் எறங்கிக்குங்க சாமி."

உதட்டோரம் வருகிறதே. வருகிறது. நல்லது. இப்போது அசல் சரக்கு. ஆடி மாதம் பேசினேனே, அது. நிஜமில்லை, ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

"டேய்… யாருடா நீங்க… நான் படுத்திருக்கேன்டா…"

அக்கா. அக்கா, என்ன இது, ஏன் கும்பிடுகிறீர்கள்? கையை இறக்குங்கள். நான் அபிநயா. ப்ளஸ் டூ. பிசிக்ஸில் பன்னிரண்டு மார்க். எந்த அம்மன் பன்னிரண்டு மார்க் வாங்குவாள்? அழாதீர்கள். உங்கள் வீட்டில் என்ன கஷ்டமோ எனக்குத் தெரியாது, தெரிந்தாலும் எனக்கு ஒன்றும் செய்ய வராது, குரல்தான் வரும். கையை இறக்குங்கள் அக்கா, உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன்.

அடடா, தட்டி. நடுத் தட்டி. கயிறு அறுந்துவிட்டது, பாருங்கள், மணல் கொட்டுகிறது. அந்த முனையை யாராவது… எல்லாரும் ரோட்டில் இருக்கிறார்களே. அக்கா, கொஞ்சம் வாருங்கள், அந்த முனை. காதில் விழுகிறதா? அக்கா?

சரி. இறக்க வேண்டாம்.

"என்னடி வேடிக்க பாக்குற? விருத்தாசலத்துலேருந்து கும்புடவா வந்த? கும்புட்டது போதும். சுத்திக்கிட்டு வா, கொடிய மிதிக்காம வா. அந்த மொனையப் புடி. ரெண்டு கையாலயும் புடி. நான் இந்தப் பக்கம் புடிச்சிருக்கேன். காத்து நிக்கிற வரைக்கும் விட்றாத."